பாம்ப்லோனா காளை ஓட்டம்: எருது விடும் ஊர்க்காரர்கள் போகும்போது

கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா பார்த்து வளர்ந்தவர்கள் ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் காளையைக் கண்டு மிரள மாட்டார்கள். சிக்கலே அதுதான். கொம்பில் கட்டிய தட்டியைப் பறித்துப் பழகிய கை தானாக நீளும். அங்கே ஓடும் காளையைத் தொட்டாலே அபராதம்.

அங்கே நடக்கும் சான் பெர்மின் திருவிழா ஜூலை 6 நண்பகல் 12 மணிக்கு வாணம் விட்டுத் தொடங்கி, 14 நள்ளிரவில் முடியும். காளை ஓட்டம் 7 முதல் 14 வரை, தினமும் காலை 8 மணிக்கு. ஆறு காளைகளும் வழிகாட்டப் பழக்கிய காயடித்த எருதுகளும் சுமார் 850 மீட்டர் சந்தில் ஓடும், அவற்றுக்கு முன்னால் ஆட்களும் ஓடுவார்கள். இரண்டரை, மூன்று நிமிடம்தான். இடம் பிடிக்கத் தவறினால் முதுகுகளை மட்டும் பார்த்துத் திரும்பலாம்.

தெருவில் நின்று பார்க்க 6 மணிக்கே போய்விடுங்கள். மர வேலி இரண்டு வரிசையாக இருக்கும். உள்வேலி ஓடுகிறவர்கள் தப்பி ஏற. இடைவெளி மருத்துவக் குழுவுக்கு. உங்கள் இடம் வெளிவேலி. குடும்பத்தோடு போனால் காளைச் சண்டை அரங்கில் டிக்கெட் வாங்கி உட்காருவது நல்லது. ஓட்டம் அங்கேதான் முடியும். காலை டிக்கெட் வேறு, மாலை டிக்கெட் வேறு. காலையில் ஓடிய அதே காளைகளை மாலையில் அந்த அரங்கில் கொல்வார்கள். நம்மவர்கள் பலருக்கு அது தாங்காது, பார்த்து வாங்குங்கள்.

வாணச் சத்தத்தை எண்ணுங்கள். முதல் வாணம் பட்டி திறந்ததற்கு. இரண்டாவது, எல்லாக் காளையும் தெருவுக்கு வந்ததற்கு. இரண்டுக்கும் இடைவெளி நீண்டால் காளைக் கூட்டம் பிரிந்துவிட்டது என்று பொருள். கூட்டத்தோடு ஓடும் காளை முன்னே போவதிலேயே குறியாக இருக்கும். தனித்துப்போனதுதான் திரும்பிக் குத்தும். மூன்றாவது, அரங்குக்குள் நுழைந்ததற்கு. நான்காவது, எல்லாம் அடைபட்டதற்கு. அது கேட்கும்வரை வேலியைவிட்டு அசையாதீர்கள்.

ஓடியே தீருவேன் என்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். முதல்முறை வருகிறவருக்கு அந்த நெரிசலே காளையைவிட ஆபத்து. கேட்காவிட்டால் இதையாவது தெரிந்துகொள்ளுங்கள்: 18 வயது ஆகியிருக்க வேண்டும், 7.30-க்குள் தடத்துக்குள் போய்விட வேண்டும், செல்போன், கேமரா, பை, போதை எதுவும் கூடாது. விழுந்தால் எழாதீர்கள். தலையைக் கைகளால் மூடிக் குப்புறக் கிடங்கள்; எழுகிற ஆளைத்தான் கொம்பு தூக்கும். 2009-இல்கூட ஒருவர் கொம்பு குத்தி இறந்தார். காப்பீட்டில் இந்த ஓட்டம் அடங்குமா என்று முன்பே படித்துப் பாருங்கள். ஸ்பெயின் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுத்தாக வேண்டும்.

உடை: வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், இடுப்பில் சிவப்புத் துணி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. கைக்குட்டையை 6-ஆம் தேதி வாணம் வெடித்த பிறகே கழுத்தில் கட்டுவது வழக்கம், அதுவரை மணிக்கட்டில். அன்று சதுக்கத்தில் ஒயினை மேலே ஊற்றுவார்கள், மலிவான துணி போதும். தரையில் கண்ணாடிச் சில்லு கிடக்கும். செருப்பு உதவாது, மூடிய ஷூ வேண்டும். விடியற்காலையில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ராட்சத பொம்மைகளின் ஊர்வலம் வரும், நம் பொய்க்கால் குதிரையைப் பார்க்கிற மாதிரி குழந்தைகள் பின்னாலேயே ஓடுவார்கள். இரவு 11 மணிக்கு வாணவேடிக்கை. சைவர்களுக்குச் சாப்பாடுதான் திண்டாட்டம். உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் முட்டை உண்டு, காலையில் சுர்ரோ என்ற எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம் கிடைக்கும்.

அறையைப் பல மாதம் முன்பே பிடியுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்து நகரமான சான் செபாஸ்டியனில் தங்கிப் பேருந்தில் வரலாம், சுமார் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் காலை 6 மணிக்கு வேலியருகே நிற்க அது ஒத்துவராது. அப்படித் தங்குகிறவர்கள் பகல் நிகழ்ச்சிகளையும் வாணவேடிக்கையையும் வைத்துத் திட்டமிடுங்கள்.