கம்பத்துக்கு நீரும் கொறங்காட்டு நிழலும்: கொங்கு நாட்டுக்கு வருவோருக்கு

கொங்கு நாட்டு மாரியம்மன் கோயில்களில், திருவிழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு முடிந்ததும் அம்மனுக்கு எதிரே கம்பம் நடுவார்கள். மூன்று கிளைகளாகப் பிரிந்த அந்த மரத்துண்டை அம்மனின் கணவராகவே கருதி, பெண்கள் மஞ்சள் நீரும் வேப்பிலையுமாகக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஈரோட்டில் பங்குனியிலும் கரூரில் வைகாசியிலும் இதைக் காணலாம். கரூர்க் கம்பத்தை இறுதியில் அமராவதி ஆற்றில் விடுவார்கள். இயற்கையோடு இணைந்த வழிபாட்டைத் தேடி வருவோர், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, முதலில் அந்த வரிசையில் ஒரு குடத்துடன் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தை மாதத்தில் வருவதானால், போகியன்றே ஊரில் இருக்கும்படி பயணச்சீட்டு எடுங்கள். அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளாப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் தோட்டத்திலும் செருகிக் காப்புக் கட்டுவார்கள். சந்தையில் கட்டாகக் கிடைக்கும். ஆனாலும் பாட்டியையோ அப்புச்சியையோ (அம்மாவின் அப்பா) அழைத்துக்கொண்டு வேலியோரம் நடந்து பறித்தால்தான் எந்தச் செடி எந்த மண்ணில் நிற்கிறது என்பது கண்ணுக்குப் பழகும்.

கொடுமுடி மகுடேசுவரர் கோயிலின் வன்னி மரத்தையும், அதனடியில் இருக்கும் மூன்று முகப் பிரமனையும், அவிநாசியின் பாதிரி மரத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஆனால், எனக்குப் புனிதமாகத் தோன்றுவது சிலையே இல்லாத ஓர் இடம். காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். போத்து (வெட்டிய கிளை) நட்டு வளர்த்த கிளுவை, கோடையில் இலையுதிர்ந்து முள்ளாக நின்று, மழை பெய்ததும் துளிர்க்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், வெளிறிய பட்டையுடைய வெள்வேல மரங்களும் இருக்கும். புல் காய்ந்துபோகும் காலத்தில் வெள்வேலங்காய்தான் ஆடுமாடுகளைக் காப்பாற்றுகிறது. சித்திரையில் ஒரு மணி நேரமும், மற்றொரு பயணத்தில் கார்த்திகையில் ஒரு மணி நேரமும் அதே மரத்தடியில் உட்கார்ந்து பாருங்கள். அது ஒருவருடைய பட்டா நிலம் என்பதால், “ஏனுங்க, உள்ளே வரலாமுங்களா?” என்று கேட்டுவிட்டே நுழையுங்கள், திரும்பும்போது வேலி வாசலின் படலை மறக்காமல் சாத்துங்கள். சாலையோரமெங்கும் மண்டிக் கிடப்பது சீமைக் கருவேலம். அது அயல்நாட்டிலிருந்து வந்தது, வெள்வேலம் அன்று.

வெளிநாட்டிலிருந்து வந்தவரானால், திரும்பும்போது விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியாவில் அவற்றை அறிவிக்காமல் கொண்டுசென்றால் அபராதம் உண்டு. நம் ஊர்க் கருவேலமே குயின்ஸ்லாந்தின் புல்வெளிகளில் களையாகப் பரவி, அங்குள்ள மேய்ச்சலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.