தொடுவதற்கு முன் மூச்சை எண்ணுங்கள்
இருமலும் காய்ச்சலுமாக இருக்கும் குழந்தையைப் பார்க்கச் செல்லும் ஆம்புலன்ஸ் பணியாளர், ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே, குழந்தை தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போது, சட்டையை மட்டும் மெல்ல உயர்த்தச் சொல்லி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிவிட வேண்டும். தொட்டால் குழந்தை அழும். அழுதால் மூச்சின் வேகம் கூடிவிடும். பச்சிளங்குழந்தைகளின் மூச்சு சீராக இராது என்பதால், 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது (பலரும் செய்வதுதான்) கணக்கைத் தவறாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உதடு நீலம் பாரித்த, அழைத்தும் கண் திறக்காத குழந்தையிடம் எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது. மூச்சுப்பாதையைச் சரிசெய்து ஆக்சிஜன் கொடுப்பதே அங்கு முதல் வேலை.