சென்சாரைத் திட்டும் முன்: ஆர்டினோ வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ராஜெக்ட் சீசன் வந்தால் போதும், ஆர்டினோ ஊனோ என்ற கன்ட்ரோலர் போர்டு, எல்எம்35 வெப்ப சென்சார், நான்கு கட்ட டாட் மேட்ரிக்ஸ் டிஸ்ப்ளே மூன்றும் வயர் சிக்கலாக என் மேஜைக்கு வந்துவிடும். "சென்சார் டூப்ளிகேட் போல சார்" என்ற புகாரும் கூடவே வரும். கழன்ற வயர், தவறான போர்ட் எல்லாம் தானே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிஸ்ப்ளேவுக்கும் ஊனோவின் 5 வோல்ட்டே

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இதில் எதுவும் கருகாது, புகையாது. எண் மட்டும் பொய் சொல்லும்.

ஒரு மாணவர் மூன்றாவது சென்சாரையும் வாங்கிவிட்டு வந்தார். டிஸ்ப்ளேவைக் கழற்றி, கம்ப்யூட்டரில் ரீடிங்கைக் காட்டும் சீரியல் மானிட்டரில் பார்த்தால் 30 டிகிரி. மாட்டினால் 33. மல்டிமீட்டரை ஊனோவின் 5 வோல்ட் பின்னில் வைத்தேன். டிஸ்ப்ளே எரியும்போது 4.5 வோல்ட்தான் இருந்தது.

எல்எம்35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரிக்கு 300. அதைச் சரியாகவே தந்துகொண்டிருந்தது. ஊனோதான் தன் சப்ளையையே 1024 பங்காக்கி அளக்கிறது. சப்ளை 5 வோல்ட் இருந்தால் 61 என்று வரும், 4.5க்கு இறங்கினால் 68. புரோகிராமில் 5 என்றே எழுதியிருப்பதால் அந்த 68 திரையில் 33 டிகிரி ஆகிவிடுகிறது.

ஏன் இறங்குகிறது? டிஸ்ப்ளேவில் கட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் மேக்ஸ்7219 சிப் ஒவ்வொன்றும் 330 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நான்கு சிப்புக்குக் கணக்குப் போடுங்கள். ஊனோவின் யூஎஸ்பி ஃபியூஸோ 500 மில்லிஆம்பியருக்கானது. இன்னொரு கூத்தும் உண்டு: 11 என்று காட்ட எரியும் புள்ளிகள் குறைவு, 28க்கு அதிகம். ஆகவே திரையில் இருக்கும் எண்ணே அடுத்த ரீடிங்கைக் கெடுக்கும். எண் ஆடுகிறதே என்று பத்து ரீடிங் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். பத்துப் பொய்க்குச் சராசரி போட்டால் என்ன வரும்?

டிஸ்ப்ளேவுக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் கொடுங்கள். அப்புறம், புரோகிராமில் அனலாக் ரெஃபரன்ஸை, அதாவது ஊனோ எந்த வோல்ட்டை வைத்து அளக்கிறதோ அதை, இன்டர்னலுக்கு மாற்றுங்கள். சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டை வைத்து அளப்பதால் சப்ளை ஆடினாலும் கவலையில்லை. 110 டிகிரி வரை, ஏறக்குறைய 0.1 டிகிரி நுணுக்கத்தில் கிடைக்கும். மாற்றியதும் முதல் சில ரீடிங்கைத் தள்ளிவிடுங்கள். அந்த 1.1 சிப்புக்குச் சிப் சற்று மாறும். ஊனோவின் ஏரெஃப் (AREF) பின்னில் அளந்து, வந்த எண்ணைப் புரோகிராமில் எழுதுங்கள். அந்தப் பின்னில் வேறு வயர் இருந்தால் முதலில் பிடுங்கிவிட வேண்டும்.

கிரவுண்டு

இரண்டு சப்ளை என்றாலும் கிரவுண்டு (மைனஸ்) ஒன்றுதான். அதைச் சேருங்கள், 5 வோல்ட்களைச் சேர்க்காதீர்கள்.

எல்எம்35 திரும்பிவிட்டால்

விரலைச் சுடும். டேட்டாஷீட்டில் இருப்பது அடியிலிருந்து பார்த்த படம், அதனால்தான் குழப்பம். தட்டையான முகம் நம்மைப் பார்த்தால் இடது கால் சப்ளை, நடு அவுட்புட், வலது கிரவுண்டு.

9 வோல்ட் சதுர பேட்டரி

வேண்டாம்.

டிஸ்ப்ளே இருட்டாகவே இருந்தால்

டேட்டா உள்ளே வரும் டிஐஎன் (DIN) பக்கம் போக வேண்டிய வயர், வெளியே போகும் டிஅவுட் (DOUT) பக்கம் போயிருக்கும்.

எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல வந்தால்

வயரைத் தொடாதீர்கள். புரோகிராமில் டிஸ்ப்ளே லைப்ரரிக்குக் கொடுத்த ஹார்டுவேர் டைப் தவறாக இருக்கும். நான்கு கட்டமும் ஒரே போர்டில் வரும் வகைக்குப் பெரும்பாலும் எஃப்சி16 (FC16) டைப்தான்.