மாட்டுத் தொட்டி, குருத்தோலை, ஓர் ஆட்டுக்குட்டி: குட்டிப் பிள்ளைகளுக்குக் கைவேலையில் பைபிள் கதை

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும். ஆராதனை முடிந்து வெளியே வருகிறீர்கள். சபைப் பெரியவர் ஒருவர் கூப்பிடுகிறார். "தங்கச்சி, இந்த வருஷம் குட்டிப் பிள்ளைங்கள நீ பார்த்துக்கோம்மா." தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் பயம் பிடிக்கிறது. இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை ஏழெட்டுப் பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பேச்சே சரியாக வராது. ஒன்று அழும், ஒன்று ஓடும், ஒன்று கலர் பென்சிலைக் கடிக்கும். இதுகளிடம் பெத்லகேம் கதையை எப்படிச் சொல்வது?

எனக்கும் இந்த வகுப்பு இப்படித்தான் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயரை மாற்றினார்கள், ஆனாலும் எங்கள் வாயில் வருவது பத்தாங் பெர்ஜுந்தைதான். முதல் வருடம் நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து அட்டையில் எட்டு நட்சத்திரம் வெட்டி, ஜிகினாத் தூள் தூவி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கையில் கொடுத்து, "நடுவுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க" என்றேன். ஒட்டினார்கள். அம்மாமார்களுக்கு ஒரே சந்தோஷம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அடுத்த வாரம் ஒரு பையனிடம், "நட்சத்திரம் எதுக்குடா வந்துச்சு?" என்று கேட்டேன். "டீச்சர் செஞ்சாங்க" என்றான். பொய் சொல்லவில்லையே!

அதோடு சுவரில் மாட்டுகிற சாமான் செய்வதை விட்டுவிட்டேன். பிள்ளை கையில் எடுத்துப் படுக்க வைக்கணும், நடக்க வைக்கணும், ஒளித்து வைக்கணும். அப்படிப்பட்ட சாமான்தான் இப்போது செய்கிறோம். வீட்டில் அதை எடுத்து விளையாடும்போதெல்லாம் கதை திரும்ப ஒரு தடவை நடக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கதை, அந்தக் கதைக்கு ஒரே ஒரு வரி, அந்த வரிக்குக் கையால் செய்ய ஒரு வேலை. இதற்குமேல் இந்த வயதுக்குத் தாங்காது.

ஆரம்பிக்கும் முன்

கடையில் பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். டிஷ்யூ பெட்டி, டிஷ்யூ ரோல் குழாய், முட்டை அட்டை, மர ஐஸ்கிரீம் கரண்டி, பழைய சேலைத் துண்டு, பஞ்சு. ஒரு மாதத்துக்கு முன்பே சபைக் குழுவில் சொல்லி வைத்தால் வீட்டுக்கு வீடு சேர்த்துத் தருவார்கள். முட்டை உடைந்து ஒட்டிய அட்டையை மட்டும் வாங்காதீர்கள்.

பசை நானே காய்ச்சுகிறேன். மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கஞ்சி மாதிரி கெட்டியாகும். ஆறியதும் எடுக்கலாம். பிள்ளை விரலை வாயில் வைத்தாலும் பதறத் தேவையில்லை. ஒரு குறை உண்டு. நம் ஊர் வெக்கைக்கு மறுநாளே புளித்த வாடை வரும். அதனால் காலையில் காய்ச்சி அன்றே முடித்துவிடுங்கள். ஒட்டிய சாமானையும் அன்றே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒரு தடவை பஞ்சு ஒட்டிய ஆடுகளை மண்டப அலமாரியில் பூட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு திறந்தால் எறும்பு வரிசை, கரப்பான் வேறு. ஆட்டு மந்தையில் பாதி போச்சு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. டிஷ்யூ ரோல் குழாய்க்குள் நழுவி விழுகிற அளவுள்ள எதையும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. மணி, பட்டன், ஒட்டுகிற பிளாஸ்டிக் கண் எல்லாம் தொண்டையில் சிக்கும். ரப்பர் கொட்டையும் வேண்டாம். நாம் சின்ன வயதில் தரையில் தேய்த்துச் சுடவைத்து ஒருத்தருக்கொருத்தர் கையில் வைத்து விளையாடினோம், சரிதான். பச்சைக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு விஷம். கடித்துப் பார்க்கிற வயதுப் பிள்ளை பக்கத்தில் அது இருக்கவே கூடாது.

முதல் கைவேலை: மாட்டுத் தொட்டி

கதையின் வரி: "இயேசு பாப்பா மாட்டுத் தொட்டியில தூங்குது." அவ்வளவுதான். குடிமதிப்பு, அகுஸ்து ராயன், சத்திரம் எல்லாம் பெரிய பிள்ளைகள் வகுப்புக்கு.

லூக்கா 2:7-ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசித்தால் "முன்னணையிலே கிடத்தினாள்" என்று இருக்கும். கத்தோலிக்கச் சபையில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் "தீவனத் தொட்டி". முன்னணை அழகான சொல்தான், ஆனால் பெரியவர்களிலேயே பத்துப் பேரிடம் கேட்டால் பாதிப் பேர் மாட்டுக் கொட்டகை என்பார்கள். பிள்ளைகளிடம் "மாடு புல்லு திங்கிற தொட்டி" என்று சொல்லுங்கள். தோட்டத்து ரோட்டில் மாடு படுத்துக் காருக்கு வழி விடாததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், உடனே "ம்ம்மா" என்று கத்துவார்கள். நல்ல ஆரம்பம்.

1. வீட்டிலேயே காலி டிஷ்யூ பெட்டியைப் படுக்கை வசத்தில் பாதியாக வெட்டி வையுங்கள். ஓட்டை இல்லாத அடிப்பாதி உங்களுக்குத் தொட்டி. வெட்டிய ஓரம் கையைக் கீறாமல் இருக்க மேலே டேப் ஒட்டுங்கள். கத்தரிக்கோல் வேலை இத்தோடு முடிந்தது, வகுப்புக்கு அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

2. பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு தொட்டி கொடுங்கள். பழைய நாளிதழோ மஞ்சள் தாளோ கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். இதுதான் வைக்கோல். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கிழிப்பதைவிடப் பெரிய இன்பம் கிடையாது. அவசரப்படுத்தாதீர்கள், ஐந்து நிமிடம் போனாலும் போகட்டும். நிஜப் புல் கொடுக்க ஆசைப்பட்டால் லாலாங் புல் பக்கம் போகாதீர்கள், அதன் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும்.

3. கிழித்ததைத் தொட்டியில் போடச் சொல்லிவிட்டு, "மாடு என்ன திங்கும்?" என்று கேளுங்கள். "புல்லு" என்பார்கள். "இன்னிக்கு மாடு திங்காது. ஏன்?" என்று ஒரு கணம் நிறுத்துங்கள். அந்த நிசப்தம் உங்களுக்குத் தேவை.

4. மரத்தில் செய்த ஐஸ்கிரீம் கரண்டி ஒன்றில் முன்கூட்டியே இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்திருப்பீர்கள். அதைக் காட்டி, "பாப்பாவுக்குக் குளிருது" என்று சொல்லி ஆளுக்கொரு கரண்டியும் சேலைத் துண்டும் கொடுங்கள். சுற்றட்டும். தலையும் சேர்த்து மூடிவிடுவார்கள், கோணலாகச் சுற்றுவார்கள், அவிழ்ந்து விழும். கை வைத்துத் திருத்தாதீர்கள். வேதத்தில் உள்ள "துணிகளில் சுற்றி" என்கிற இரண்டு சொல்லை அந்தக் கை இப்போது செய்துகொண்டிருக்கிறது.

5. தொட்டியில் படுக்க வைத்து, விரலை வாயில் வைத்து "ஸ்ஸ்..." கதையின் வரியை மெதுவாக மூன்று தடவை சொல்லுங்கள். மூன்றாவது தடவை "இயேசு பாப்பா மாட்டுத் தொட்டியில..." என்று நிறுத்தினால் மிச்சத்தை அவர்களே முடிப்பார்கள்.

கேள்வி வரும், தயாராக இருங்கள். போன வருடம் ஒரு சின்னவள் என் முந்தானையை இழுத்து, "டீச்சர், பாப்பாவுக்கு ஸ்பிரிங் தொட்டில் இல்லையா?" என்றாள். அவள் தம்பி வீட்டில் அதில்தான் ஆடுகிறான். "இல்லம்மா. வெளியூர் போயிருந்தாங்க, தங்க இடம் கிடைக்கல" என்றேன். சற்று யோசித்தாள். "எங்க வீட்டுக்கு வரலாம்ல?" எந்தப் பிரசங்கத்திலும் இப்படி ஒரு வரி நான் கேட்டதில்லை.

மாடும் கழுதையும் பக்கத்தில் நிற்கிற மாதிரி செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யுங்கள். லூக்காவின் கதையில் அவை கிடையாது, பிற்காலத்தில் சேர்ந்தவை. தொட்டி என்றால் மாடு இல்லாமலா என்று நானும் ஒன்றை நிறுத்திவிடுவேன்.

இரண்டாவது: குருத்தோலை ஞாயிறு

இதற்கு நம் ஊரைவிடத் தோதான இடம் இல்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் 1917-இல் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் நட்டார்கள். பெயரில் தென்னை, நட்டது செம்பனை. நூறு வருடத்துக்கு மேலாக ஓலைக்கு நடுவில் வாழ்ந்துவிட்டு, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் ஓலை வாங்குகிறோம்!

இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்கு வந்தபோது மக்கள் கையில் பிடித்தது பேரீச்ச ஓலை. குருத்தோலை என்று பெயர் சொல்லி எழுதியவர் யோவான் மட்டும்தான் (12:13). மத்தேயுவில் மரக்கிளை. அதனால் செம்பனையோ தென்னையோ, மனசாட்சி உறுத்தாமல் எடுக்கலாம். குருத்தை மட்டும் வெட்டாதீர்கள், மரத்தின் வளர்ச்சி கெடும், தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோரும் சும்மா விடமாட்டார். குலை வெட்டும்போது கழித்துப் போடுகிற ஓலை போதும். அன்று காலையில் வெட்டியதைக் கேட்டு வாங்குங்கள். நாள்பட்ட ஓலைக் குவியலில் கையை விடக் கூடாது, பாம்பு, தேள் அங்கேதான் குடியிருக்கும். மட்டையில் முள் இருப்பதால் தோட்டத்திலேயே இலையை மட்டும் உருவி எடுத்து வாருங்கள்.

வீட்டில் ஒவ்வோர் இலையிலும் நடு ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிடுங்கள். ஈர்க்கோடு கொடுத்தால் ஆட்டுகிற வேகத்தில் பக்கத்துப் பிள்ளை கண்ணில் குத்தும். ஈர்க்கு எடுத்த கீற்று நாடா மாதிரி மெத்தென்று இருக்கும். செம்பனை ஓலை ஓரம் கொஞ்சம் சொரசொரப்புத்தான், ஈரத்துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலைக் கீறினால் தென்னை ஓலைக்கு மாறிவிடுங்கள்.

வகுப்பில் ஒரு நீள அட்டையைத் தரையில் விரியுங்கள். அதுதான் பாதை. பிள்ளைகள் கீற்றையும் துணித் துண்டையும் அதன்மேல் பரப்ப வேண்டும். டிஷ்யூ ரோல் குழாய்க்குச் சாம்பல் நிறம் பூசி, இரண்டு நீளக் காது ஒட்டி, முன்பக்கம் ஒரு சாண் கயிறு கட்டினால் கழுதை. கயிறு அதைவிட நீளமாக வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். ஒவ்வொருத்தராகக் கழுதையை இழுத்துக்கொண்டு ஓலைமேல் போகட்டும். மற்றவர்கள் கையில் மிச்சக் கீற்றை ஆட்டி "ஓசன்னா!" என்று கத்த வேண்டும். வரி அந்த ஒரு சொல்தான். என்ன அர்த்தம் என்று கேட்டால் "இயேசப்பா, எங்களக் காப்பாத்துங்க" என்று சொல்லுங்கள். சத்தம் கோயில் வரை கேட்கும், போதகர் ஐயருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, சுருக்கமாக

காணாமல் போன ஆட்டுக்கு முட்டை அட்டைக் குழி ஒன்றை வெட்டிக் கவிழ்த்து, பசை தடவிப் பஞ்சை ஒட்டினால் ஆடு ரெடி. லூக்கா 15-இல் நூறு ஆடு, ஒன்று தொலைந்தது. எண்ணிக்கை இந்த வயதுக்கு எட்டாது, பத்து ஆடு போதும். ஒன்றை நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்து எல்லாரும் சேர்ந்து தேடுங்கள். கிடைத்ததும் கைதட்டல். இந்தக் கதையை நீங்கள் சொல்லவே வேண்டாம், தேடுவதே கதை.

பாப்பா இயேசுவுக்குத் தூபவர்க்கம் காணிக்கை கொண்டு கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் கதைக்குக் கைவேலைகூட வேண்டாம் என்பேன். தூபவர்க்கம் என்றால் என்ன என்று காட்ட ஒரு கட்டிச் சாம்பிராணியை மூடிபோட்ட டப்பாவில் கொண்டுபோய், நீங்களே பிடித்துக்கொண்டு முகர்ந்து பார்க்கக் கொடுங்கள். அதுவும் இதுவும் வேறு மரத்துப் பிசின்தான், ஆனாலும் "பாட்டி வீட்டு வாசம்" என்று ஒன்று நிச்சயம் சொல்லும். போதும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்

விடுமுறையில் உங்கள் வீட்டு வாசலில் இதைச் செய்தால் வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்காரும். எந்தக் குடும்பம் என்று பாருங்கள். வேறு சமயத்துப் பிள்ளை என்றால் அப்பா அம்மாவைக் கேட்காமல் கதையில் உட்கார வைக்காதீர்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்துவிட்ட வீட்டோடு இதற்காகச் சங்கடப்படக் கூடாது. அவர்கள் வேண்டாம் என்றால் அன்று கதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வெறும் பஞ்சு ஆடு செய்து விளையாடுங்கள்.

அடுத்த வாரம்

பலர் விட்டுவிடுகிற படி இது. செய்த சாமானை அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். கசங்கியிருக்கும், காது பிய்ந்திருக்கும், மைலோ கறை இருக்கும். நல்லது, விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாமானைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள், அவர்கள் சொல்லட்டும்.

அந்த ஸ்பிரிங் தொட்டில்காரி தன் டிஷ்யூ பெட்டியைக் கொண்டுவந்தபோது அதில் வைக்கோல் மட்டும் இருந்தது, கரண்டியைக் காணோம். "பாப்பா எங்கம்மா?" என்றேன்.

"எங்க வீட்டுல தூங்குது டீச்சர். தம்பி தொட்டில்ல."