தனுஷ்கோடி பழைய சர்ச் கதையை எப்படி சேகரிக்கிறது

தனுஷ்கோடி போறவங்க எல்லாம் அந்த இடிஞ்ச சர்ச் முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு கெளம்பிடுறாங்க, ஆனா அது ஒரு ஊரே ஞாயித்துக்கிழமை கூடி ஜெபம் பண்ண எடம், அதோட கதையை எழுதி வைக்கணும்னு நெனச்சா இப்பவே ஆரம்பிங்க.

மொதல்ல சுவரை கிட்டக்க போய் பாருங்க. அது செங்கல் இல்ல, பவளப்பாறைக் கல்லு, பூ மாதிரி சின்னச் சின்ன ஓட்டை தெரியும். காலை வெயில் சாய்வா விழும்போது போட்டோ எடுத்தா தெளிவா வரும். ஒரு துண்டு கூட பேர்த்து எடுக்காதீங்க ப்ளீஸ்.

அடுத்தது பெரியவங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி இந்த ஊரையே அழிச்ச புயல் அடிச்சப்ப பத்து வயசு இருந்தவங்களுக்கு இப்ப எழுபது தாண்டிடுச்சு. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் விசாரிங்க. உக்காந்த உடனே புயலைப் பத்தி கேக்காதீங்க, அந்த ராத்திரி சொந்தக்காரங்கள பறிகொடுத்தவங்க அவங்க. "திருவிழாவுக்கு என்ன சமைப்பீங்க பாட்டி, மணி சத்தம் எதுவரைக்கும் கேக்கும்"னு ஆரம்பிச்சா இலங்கைல இருக்கிற தலைமன்னாருக்குப் போன கப்பல், ரயிலு, பள்ளிக்கூடம்னு அவங்களே சொல்லிட்டு வருவாங்க, குறுக்க பேசாம போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, அனுமதி கேட்டுட்டு.

ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடு எங்கயாவது மிஞ்சியிருக்கான்னு பக்கத்து பங்குச் சாமியார்கிட்ட கேளுங்க, பழசு லத்தீன்ல இருக்கலாம். வீட்டு அலமாரில இருக்கிற கல்யாண போட்டோவை வாங்கிட்டு வராதீங்க, அங்கயே ஸ்கேன் பண்ணி, பின்னாடி எழுதியிருக்கிறதையும் சேர்த்து எடுத்துட்டு, ஒரு காப்பி அவங்ககிட்டயே குடுத்துடுங்க.