கர்ப்பப்பை வாயில் கட்டியா? பயத்திலும் அலட்சியத்திலும் செய்யும் தவறுகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நபோத்தியன் சிஸ்ட்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆன அம்மாவுக்கு லேசாக ரத்தம் பட்டால், ‘உடம்பு சூடு’ என்று மோரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். பயப்பட வேண்டியது இரண்டாவதுக்குத்தான்.

அந்த நபோத்தியன் கட்டி என்ன? கர்ப்பப்பை வாயில் சளி சுரக்கும் சின்னச் சுரப்பிகள் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு மேல்தோல் வளர்ந்து ஒரு சுரப்பியின் துளையை மூடிவிட்டால், உள்ளே சளி தேங்கி முத்துப்போலப் புடைக்கும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான். அது புற்றுநோயாக மாறாது, பொதுவாகச் சிகிச்சையும் தேவையில்லை. இதற்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள், இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். ‘கர்ப்பப்பையில் புண்’ என்ற பேச்சும் இப்படித்தான். பல சமயம் அங்கே புண்ணே இருக்காது. வாயின் உள்பக்கத்து மென்மையான செல்கள் வெளியே பரவிச் சிவப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அது சகஜம்.

காப்பர் டி நூல் இருக்கிறதா என்று விரலால் பார்க்கும்போது சிலர் பதறிவிடுகிறார்கள். மூக்கு நுனிபோல உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படுவது கர்ப்பப்பை வாயேதான். மாதத்தில் சில நாள் கெட்டியாகவும் சில நாள் மிருதுவாகவும் இருக்கும். இருமினாலோ குந்தினாலோ ஏதோ உருண்டையாக வெளியே வந்து முட்டினால், அது ‘அடி இறங்குதல்’ ஆக, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்து வருவதாக, இருக்கலாம். அதற்கான வைத்தியம் வேறு.

நிஜமாகவே வளரும் சதைகளில் அதிகம் காணப்படுவது பாலிப். காம்போடு தொங்கும் சிவந்த சதை இது. குழந்தை பெற்ற, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதிகம் வரும். உடலுறவுக்குப் பிறகு ரத்தம் படலாம். பெரும்பாலும் கிளினிக்கிலேயே திருகி எடுத்துவிடுவார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. பெரும்பாலானவை சாதுவானவைதான், ஆனால் கண்ணால் பார்த்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. இவை தவிர ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டியும் எச்பிவி கிருமியால் வரும் மருக்களும் உண்டு.

சரி, புற்றுநோய்? இங்கேதான் மனசு கனக்கிறது. ‘ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆரம்பநிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ஸ்பெகுலம் என்ற விரிப்புக் கருவியை உறுப்புக்குள் வைத்துப் பார்த்தால்தான் கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரியும். கூச்சத்தால் அதை மறுத்துவிடுகிறோம். இரண்டு நிமிட வேலை அது, பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை நார்மல் என்றாலும், சந்தேகப்படும்படி ஒரு வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தால் சின்னச் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியைச் செய்தே ஆக வேண்டும். வலி வரட்டும் பார்க்கலாம் என்றும் இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் இந்த நோய்க்கு வலியே இருக்காது. உடலுறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவைதான் முன்னால் வரும்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் முப்பது வயதிலிருந்து பரிசோதனை தேவை. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனைதான் செய்தார்கள். அதற்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாகவே செய்கிறார்கள்.

பாப் ஸ்மியருக்குப் போவதற்கு முந்தைய இரண்டு நாள் உறுப்புக்குள் மருந்தோ க்ரீமோ வைக்க வேண்டாம், கழுவிவிடவும் வேண்டாம், உடலுறவும் வேண்டாம். மாதவிடாய் நாட்களையும் தவிருங்கள். ஆனால் மாதவிடாய் நின்றுபோனவருக்கு ரத்தம் பட்டால், அது நிற்கட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.