புதுச் சின்னக் கார்: முதல் ஆயிரம் கிலோமீட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சின்னக் கார் எடுத்தவர்கள் செய்யும் தவறுகளில் இரண்டு நேர் எதிரானவை. ஒன்று, சாவி கைக்கு வந்த அன்றே ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தி வண்டியின் வேகத்தைச் சோதித்துப் பார்ப்பது. இது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, நாற்பதைத் தாண்டாமல் பொத்திப் பொத்தி ஓட்டுவது. இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை, வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்ற பாராட்டுகூடக் கிடைக்கும். ஆனால் இன்ஜினுக்கு இரண்டுமே ஆகாது.

காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது. சிலிண்டரின் உட்சுவரை வழவழப்பாக விடுவதில்லை. ஹோனிங் கல்லால் தேய்த்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். ஆயில் தங்குவதற்கு அந்தக் கீறல்கள் வேண்டும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையங்கள், அதாவது ரிங்குகள், அந்தச் சுவரில் உரசி, மேடாக நிற்கும் நுனிகளைத் தேய்த்து, இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. இன்ஜினுக்கு வேலையே கொடுக்காமல் ஓட்டினால் இந்த அழுத்தம் போதாது. ரிங் சரியாக உட்காராமல், சுவரில் ஆயில் கருகிப் பளபளப்பான படலம் படிய வாய்ப்புண்டு. அப்படி ஆன இன்ஜின் பிற்பாடு ஆயில் குடிக்கும். மறுபுறம், புது உரசலில் ஏற்கனவே சூடு அதிகம். அதோடு உச்ச ஆர்பிஎம்மும், அதாவது நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகளும், சேர்ந்தால், பதமாகத் தேய வேண்டிய இடம் காயப்பட்டுப் போகும்.

இப்போதைய இன்ஜின்களை மிக நுணுக்கமாகக் கடைந்து எடுப்பதால், பழைய காலம்போல அவ்வளவு பயப்படத் தேவையில்லை. ஆனாலும் பெரும்பாலான கார்களின் மேனுவலில் ரன்னிங் இன், அதாவது புது இன்ஜினைப் பழக்கும் ஆரம்ப ஓட்டம் பற்றி ஒரு பக்கமாவது இருக்கும். 1,000 கி.மீ. அல்லது அதைச் சுற்றிய ஒரு கணக்கு சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு அதுதான் கடைசி வார்த்தை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதல்ல.

அந்த முதல் ஆயிரத்தில் செய்ய வேண்டியது வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதுதான். பெட்ரோல் கார் என்றால் 2,000 முதல் 3,500 ஆர்பிஎம் வரை தாராளமாகப் போகலாம். பாதி அளவு ஆக்சிலரேட்டர் கொடுத்து வேகம் எடுப்பது, அப்புறம் காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக இறங்க விடுவது, மறுபடி எடுப்பது. நெடுஞ்சாலையில் போகலாமா என்றால், போகலாம். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக நிறுத்தி வைத்து ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் கொஞ்ச நாள் தொடவேண்டாம்.

சின்னக் காரில் குறிப்பாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. மைலேஜ் ஆசையில் முப்பது கி.மீ. வேகத்திலேயே நான்காவது, ஐந்தாவது கியர் போட்டுவிடுவது. வண்டி திணறும், டேஷ்போர்டு அதிரும், ஆனாலும் கியரைக் குறைக்க மனசு வராது. சின்ன இன்ஜினுக்குக் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறைவு. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்துவது பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் தேவையில்லாத சுமை. தயங்காமல் ஒரு கியர் இறக்குங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறும விடுவதும் பழைய பழக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாகக் கிளம்பிவிடலாம். பல சின்னக் கார்களில் டெம்பரேச்சர் முள் கிடையாது, நீல நிற விளக்கு மட்டும் எரியும். அது அணைந்ததும் இன்ஜின் முழுக்கச் சூடாகிவிட்டதாக நினைத்து விரட்டாதீர்கள். அது காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் சில நிமிடங்கள் ஆகும்.

இன்ஜினைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் டயரும் பிரேக்கும் புதிதுதான். தயாரிக்கும்போது வார்ப்பு அச்சிலிருந்து டயரைப் பிரித்தெடுக்கப் பூசும் பொருளின் மிச்சம் மேலே ஒட்டியிருப்பதால், முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வரை பிடிப்பு சற்றுக் குறைவாக இருக்கும். ஈரச் சாலையில் இது தெரியும். பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தவும் அதே அளவு ஓட்டம் வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். டயர் காற்றையும் உடனே பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும்போது அதிகமாகக் காற்று அடித்து அனுப்புவது வழக்கம், அதைக் குறைக்காமலே சில வண்டிகள் கைக்கு வந்துவிடும். புது வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சரியான அளவு டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு, அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது.

ஏஎம்டி, அதாவது தானாகவே கிளட்ச் பிடித்துக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கிளட்ச் பெடல் இல்லையே தவிர, உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான். பிரேக்கைப் பிடியுங்கள்.

அடுத்து வருவது சின்னச் சின்னத் தொந்தரவுகள். எதைச் சொன்னாலும், புது வண்டிதானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று ஒரு பதில் கிடைக்கும். சில விஷயங்களில் அது உண்மை. முதல் சில நாட்கள் இன்ஜின் பக்கமிருந்து தீய்ந்த வாடை லேசாக வரலாம். சைலன்சரிலும் மற்ற பாகங்களிலும் உள்ள மெழுகும் பெயின்ட்டும் காய்வதால் வருவது. கதவு ரப்பர் புதிதாக விறைப்பாக இருப்பதால் கதவை ஓங்கிச் சாத்தவேண்டி வரும். கழுவிய மறுநாள் காலை முதல் இரண்டு பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்தால் டிஸ்க்கில் ஏறிய மெல்லிய துரு, பிரேக் போட்டதும் போய்விடும். ஏசி ஓடும்போது அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர். மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, லேசாக நடுங்கும், அது அதன் சுபாவம். மைலேஜும் ஆரம்பத்தில் குறைவாகத்தான் காட்டும், முதல் டேங்க்கை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். மைலேஜ் பார்க்கிறேன் என்று பம்ப்பில் கட் ஆஃப் ஆன பிறகும் கழுத்துவரை நிரப்புவது இன்னொரு தவறு. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குள் பெட்ரோலே புகுந்தால் அது கெட்டுப்போகும்.

கடகட சத்தம் வேறு கதை. அது தானாகப் போகாது, பெரும்பாலும் வளரும். சர்வீஸுக்கு ஓடும் முன் நீங்களே தேடிப் பாருங்கள். க்ளவ் பாக்ஸ், கதவுப் பை, டிக்கி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். ஆளில்லாத சீட்டின் பெல்ட் கொக்கி பிளாஸ்டிக்கில் தட்டுகிறதா, பின்னால் பார்சல் ட்ரே ஆடுகிறதா, ஜாக்கியும் ஸ்டெப்னியும் இறுக்கமாக இருக்கின்றனவா, நம்பர் பிளேட் ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு டிரைவர் சீட்டில் வேறொருவரை உட்காரவைத்து, அதே மேடுபள்ளமான சாலையில் மெதுவாக ஓட்டச் சொல்லி, நீங்கள் கையால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பாருங்கள். எந்த இடத்தை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

ஆக்சசரீஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். வயரை வெட்டி ஒட்டுப்போட்டு ஹாரனோ ஸ்பீக்கரோ மாட்டினால், நாளைக்கு எலக்ட்ரிக்கல் கோளாறு வரும்போது வாரண்டி கைவிட்டுப் போகலாம். சைடு ஏர்பேக் உள்ள சீட்டுக்குச் சாதாரண உறை போட்டால், விபத்து நேரத்தில் பை விரிவதை அது தடுக்கக்கூடும். மேட் மேல் மேட் போட்டு அது ஆக்சிலரேட்டருக்கு அடியில் நகர்வது இன்னும் ஆபத்து.

முதல் சர்வீஸுக்குப் போகும்போது, எல்லாவற்றையும் செக் பண்ணுங்கள் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் அப்படி எழுதினால் தண்ணீர் அடித்துத் துடைத்துத்தான் திருப்பித் தருவார்கள். இரண்டாவது கியரில் நாற்பது வேகத்தில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இடதுபக்க முன் சக்கரத்தில் சத்தம் என்று எழுதவையுங்கள். போனில் எடுத்த வீடியோ இருந்தால் காட்டுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், சமதளச் சாலையிலும் இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஓரச் சரிவுள்ள சாலையில் எந்தக் காரும் கொஞ்சம் ஒதுங்கும். சர்வீஸ் தேதியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

சர்வீஸ் தேதி வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. பிரேக் பெடல் பஞ்சுபோல உள்ளே போவது, தரையில் ஆயில் அல்லது கூலன்ட் கறை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்துகொண்டே வருவது. ஓட்டும்போது டேஷ்போர்டில் ஆயில் அழுத்தத்துக்கோ இன்ஜின் சூட்டுக்கோ உள்ள சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. அது சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும். அப்படியே வீடுவரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காமல், நின்ற இடத்திலிருந்தே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள்.